சுத்தமான புண்

ஐப்பசி மாதத்தின் நடுவில், அடைமழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு புதன்கிழமை, பகல் பதினொன்றரை மணி. கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், குழந்தைகள் பிரிவுக்கு வெளியே உள்ள நீண்ட தாழ்வாரத்தில், சுவரோரமாகப் பிணைத்து வைத்த இரும்பு நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த உடனே எழுந்தேன். நாற்காலி ஈரமாக இருந்தது. யாரோ நனைந்த குடையை அதன்மேல் வைத்து எடுத்திருக்கிறார்கள். குடைக்கென்று வாசலில் வாளி இருக்கிறது, வாளிமேல் எழுதியும் இருக்கிறது, எழுதியதை யார் படிக்கிறார்கள். அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தேன். அதிலும் உட்கார முடியவில்லை, அதற்கு ஈரம் காரணமல்ல. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, நான்காவது படுக்கையில், என் தங்கையின் மகள் சிவரஞ்சனி தன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள். பிறந்து ஒன்றரை மாதம் கடந்த ஆண் குழந்தை. இன்னும் பெயர் வைக்கவில்லை. தொப்புள்கொடி இன்னும் விழவில்லை. ஒரு வாரத்தில், மிஞ்சினால் இரண்டு வாரத்தில், காய்ந்து உதிர வேண்டிய கொடி, கறுத்துச் சுருங்கிய காம்பாக அங்கேயே நிற்கிறது. அதைச் சுற்றி வயிறு சிவந்து உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருக்கிறது. தொட்டால் சுடுகிறது, தொட்டால் குழந்தை அலறுகிறது. ஆனால் அந்தச் சிவப்பின் நடுவில் ஒரு பொட்டுச் சீழ் கிடையாது. ஒரு பொட்டு இல்லை. நேற்றுக் காலை அவனிடமிருந்து எடுத்த இரத்தம் கீழ்த்தளத்துச் சோதனைக்கூடத்தில் இருக்கிறது. பன்னிரண்டரைக்குள் முடிவு வந்துவிடும் என்றிருக்கிறார் டாக்டர் ஷாஹிதா. அந்தச் சோதனையைச் செய்யும்படி அவரைக் கேட்டுக்கொண்டவள் நான். அது எதற்கான சோதனை என்பது இந்தத் தாழ்வாரத்தில் எனக்கு மட்டுமே தெரியும். நேற்று மாலை ரஞ்சனி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "பெரீம்மா, அந்த டாக்டரம்மா சொல்ற இங்கிலீசு எனக்கு வேண்டாம். எதுவானாலும் நீங்க உங்க வாயால சொல்லோணும். சுத்தி வளைக்கக் கூடாது" என்றாள். சரி என்றேன். மருத்துவக் கல்லூரியில் நோய்க்குறியியல் வகுப்பில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்று பேசியவள், அந்த ஒற்றைச் சரியை இரவு முழுவதும் புரட்டிப் புரட்டிப் படுத்திருந்தேன்.

எப்படித் தொடங்குவது. இரத்தத்தில் வெள்ளையணுக்கள் என்று உண்டு, ரஞ்சனி. இல்லை, இது வகுப்பு. அவளுக்கு அது பள்ளியிலேயே தெரியும். உன் குழந்தையின் உடம்பில் ஒரு குறை. எந்தத் தாயும் அந்தச் சொல்லுக்கு அப்பால் எதையும் கேட்க மாட்டாள், வாக்கியம் அங்கேயே முடிந்துவிடும். எதிரே ஜன்னல் கண்ணாடியில் பழைய மழையின் துளிகள் மேலிருந்து கீழே ஊர்கின்றன. ஒன்று விரைகிறது, ஒன்று தயங்குகிறது, தயங்கியது ஓரிடத்தில் நின்றுவிடுகிறது, ஏன் அங்கே நின்றது, கண்ணாடியில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது, தூசியா, விரல் பட்ட எண்ணெயா. ஒரு வெள்ளையணு நிற்பதை நான் முதன்முதலாகப் பார்த்தபோது இப்படித்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். எழுபதுகளின் தொடக்கம், மேற்படிப்பு மாணவி; மயக்கிய தவளையின் குடலைத் தாங்கும் மெல்லிய சவ்வை, துளையிட்ட தக்கைப் பலகைமேல் விரித்து, குண்டூசிகளால் பொருத்தி, உப்பு நீர் சொட்டிச் சொட்டி ஈரம் காயாமல் காத்து, உருப்பெருக்கியின் கீழே வைத்தேன். ஒரு சிறிய இரத்தநாளம். நடுவில் சிவப்பணுக்கள் வெள்ளமாகப் போகின்றன, முகம் தெரியாமல், ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு. சவ்வு காற்றுப் பட்டு அழற்சியுறத் தொடங்கியது. சிறிது நேரத்தில் ஒரு வெள்ளையணு நடு வெள்ளத்தை விட்டு ஓரத்துக்கு ஒதுங்கியது. சுவரைத் தொட்டது. உருண்டது, தடுக்கித் தடுக்கி, கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு படியிறங்குகிறவரைப் போல. பிறகு நின்றது. அத்தனை வெள்ளமும் அதை அடித்துத் தள்ள, அது நின்றது. அருகில் இன்னொன்று, பின்னால் இன்னொன்று. நின்றவை மெல்லத் தட்டையாயின, சுவரில் இடுக்குத் தேடின, ஒரு விரலை நுழைத்து, பின் உடல் முழுவதையும் பிழிந்து, வெளியேறிக் காயத்தை நோக்கி நகர்ந்தன. நான் மதிய உணவுக்குப் போகவில்லை. காயம் எங்கே என்று அவற்றுக்கு யார் சொன்னார்கள். சுவர் சொல்கிறது. அருகில் காயம் என்று தெரிந்ததும் நாளத்தின் உட்சுவர் ஓட்டத்துக்குள் கொக்கிகளை நீட்டுகிறது. வெள்ளையணுவும் தன்மேல் கொக்கிகளை விரிக்கிறது. முதலில் தளர்ந்த பிடி, அதனால் உருளல். பிறகு விடாப்பிடி, அதனால் நிற்றல். கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்து வழியே நடந்து வந்தால் பாவாடை ஓரத்தில் நாயுருவி ஏறிக்கொள்ளும், உதறினாலும் விடாது. அதுதான். அவ்வளவுதான். இந்தக் குழந்தையின் இரத்தத்தில் அந்த நாயுருவிக்கு முள் இல்லையோ என்பதுதான் என் சந்தேகம். உருளும், நிற்காது. நிற்காதவை வெளியேறா. வெளியேறாத காவலால் காயத்துக்கு என்ன பயன். சந்தேகம் உண்மையானால், ஒவ்வொரு கீறலும் அவனுக்குத் திறந்த வாசல். வேறொருவருடைய எலும்பு மஜ்ஜை அவனுக்குப் பொருந்தி வேர் பிடித்தாலொழிய இரண்டு வயதைப் பார்ப்பது அரிது. இதைச் சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும். என் வாயால்.

"அண்ணி, உக்காருங்க. நீங்க நடக்கறதப் பாத்தா எனக்குத் தலை சுத்துது." மயிலாத்தாள். என் தம்பியின் மனைவி, ரஞ்சனியின் மாமியார். எங்கள் வீட்டில் உறவு ஒரு சுற்றுச் சுற்றி அதே இடத்துக்கு வந்து சேரும்: என் தங்கை மகளைத்தான் என் தம்பி மகன் பூபதிக்குக் கட்டினார்கள். கால் மரத்துப்போகிறது, அதனால்தான் நடக்கிறேன் என்றேன். "மரத்த காலுக்கு இத்தன வேகமா?" என்று கேட்டுவிட்டு, தன் கைப்பையைத் திறந்து, உள்ளே பார்த்து, மூடினாள். காலையிலிருந்து இதையே செய்துகொண்டிருக்கிறாள். பைக்குள் ரோஸ் நிறக் காகிதத்தில் சுற்றிய வெள்ளித் தாயத்து இருக்கிறது. எங்கள் பக்கத்தில் குழந்தையின் கொடி விழுந்ததும் அதைக் காயவைத்து, ஒரு சிறு வெள்ளிக் குழலுக்குள் இட்டு மூடி, அரைஞாணில் கட்டுவார்கள். மயிலாத்தாள் குழந்தை பிறந்த வாரமே அன்னூர் சுப்பண்ண ஆசாரியிடம் குழலைச் செய்யச் சொல்லிவிட்டாள். செய்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. வெறுங்குழல். அந்த ஆசாரிக்கு ஒரு வழக்கம்: கொடியை உள்ளே வைத்து மூடியைப் பற்றவைத்த பிறகுதான் கூலியைக் கையால் தொடுவார். மயிலாத்தாள் இரண்டு முறை பணத்தை நீட்டியிருக்கிறாள். அவர் இரண்டு முறையும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாராம். "வெள்ளியே அவருது, கூலியும் வாங்கல, நாம என்னமோ கடன்காரிகளாட்ட பைக்குள்ள வெச்சுட்டுத் திரியறோம்" என்கிறாள். எனக்குத் தாயத்தில் நம்பிக்கை இல்லை. அதை நான் மறைத்ததும் இல்லை. ஆனால் அந்தக் காகிதம் சரசரக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்க்கிறேன். "அறுபதாயிரமாமில்ல அண்ணி, வெள்ளையணு? நர்சுப் புள்ள சொல்லுச்சு. நமக்கெல்லாம் பத்தாயிரந்தானாம். அத்தன காவக்காரங்க இருக்கறப்ப என்ன பயம்? எம்பட பேரன் சிங்கக்குட்டி." நான் ஜன்னலைப் பார்த்தேன். "அந்தப் புண்ணப் பாருங்க, கழுவி வெச்சாப்புல. சீழ் கீழ் ஒண்ணுங் கெடையாது. சுத்தமான ஒடம்பு. அதனாலதான் நானும் சொன்னேன், சீழ் வெச்சா ஆஸ்பத்திரிக்குப் போலாம், அதுவரைக்கும் மஞ்சப் பத்துப் போடலாம்னு." சீழ் வரட்டும் என்று காத்திருந்தார்கள். வீடே உட்கார்ந்து, தினமும் காலையில் துணியை விலக்கிப் பார்த்து, இன்னும் இல்லை, இன்னும் இல்லை, நல்லது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. வராத விருந்தாளி வரவில்லையே என்று மகிழ்ந்திருக்கிறது. நான் முதல் நாள் வகுப்பில் மாணவர்களிடம் சொல்வது ஒன்றுதான்: சீழைக் கண்டு முகத்தைச் சுளிக்காதீர்கள், அது வந்து சேர்ந்தவர்களின் உடல்கள், அழைத்த குரலுக்கு வந்து, வேலையைச் செய்து, அங்கேயே விழுந்தவர்கள். முன்வரிசையில் எவரேனும் அப்போதும் முகத்தைச் சுளிப்பார்கள். அறுபதாயிரம் பேர், மயிலாத்தா, ஒரு துளிக்குள். காந்திபுரத்திலிருந்து புறப்பட்ட பேருந்தில் படிக்கட்டு வரை நிற்கிறார்கள். தங்கள் நிறுத்தம் கண்ணெதிரே வருகிறது, போகிறது. கம்பியைப் பிடிக்கக் கை இல்லை, இறங்க முடியவில்லை. வண்டி மறுபடி சுற்றி வருகிறது, ஏறியவர்கள் ஏறியபடியே, கூட்டம் பெருகுகிறது. அதற்குத்தான் அறுபதாயிரம். இதை நான் வாயைத் திறந்து சொல்லவில்லை. முடிவு வராமல் சொல்வது முறையன்று. முறை. எழுபத்தாறு வயதிலும் ஒளிந்துகொள்ள எனக்கு ஒரு நல்ல சொல் கிடைத்துவிடுகிறது.

உள்ளே குழந்தை அழத் தொடங்கியது. மெலிந்த அழுகை, பாதியில் தனக்கே அலுத்துப்போய் நின்றுவிடும் அழுகை. எழுந்தேன். கண்ணாடிவரை போனேன். ரஞ்சனி தலையைக் குனிந்து அவன் காதில் ஏதோ சொல்கிறாள், என்னைப் பார்க்கவில்லை, பார்க்காதிருக்கட்டும். திரும்பி வந்தேன். இந்த அழுகையை நான் முன்பே கேட்டிருக்கிறேன். இதே அழுகையை என்று சொல்வது துல்லியமாகாது. ஆறு வயதில் கேட்டதை யார் அளந்து வைத்தார்கள். எனக்கும் தம்பிக்கும் நடுவில் அம்மாவுக்கு ஒரு பையன் பிறந்து, தங்காமல் போனான். என் கையில் அரிக்கேன் விளக்கைக் கொடுத்து நிற்கச் சொன்னார்கள். கை நடுங்கக் கூடாது என்றார்கள். வெளிச்சத்தில் ஒரு சிறிய தொடை, அதில் ஒரு புண், ஓரங்கள் வெட்டியெடுத்தாற்போல, உள்ளே ஈரமான சிவப்பு. அவ்வளவுதான் எனக்கு நினைவு. மற்றதெல்லாம் அம்மா சொன்னது. பாத்திரம் துலக்கும்போதும், எனக்குத் தலைவாரும்போதும், நான் பட்டம் பெற்று வந்த பிறகும், முன்னறிவிப்பே இல்லாமல் சொல்வாள்: "புண்ணு பளிச்சுனு இருந்துச்சு சாமி. கொடி கூட அத்தன நாளு வுழுகாம ஒட்டிட்டே இருந்துச்சு. எம்மேல அத்தன பாசம் அவனுக்கு. போறதுக்கு மனசு வல்லையாட்ட இருக்குது." போவதற்கு மனம் வராத குழந்தை. நான் அதைத் தாயின் ஆற்றாமையாகக் கேட்டுக்கொண்டேன், அப்படித்தான் யாரும் கேட்பார்கள், அதற்குள் வேறு எதையாவது கேட்கும் காது அந்தக் காலத்து நூல்களுக்கே இல்லை. நேற்று முன்தினம் அன்னூரில் ரஞ்சனி துணியை விலக்கிக் காட்டிய கணத்தில் அம்மாவின் குரல் என் பிடரிக்குப் பின்னால் கேட்டது. பளிச்சுனு. ஒட்டிட்டே. அம்மா தன் தாய்மாமனை மணந்தவள். மறைந்திருக்கும் ஒரு குறை இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்தால்தான் வெளிப்படும். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் ஆயுள் முழுவதும் ஓசையில்லாமல் உடன் வரும். தம்பிக்கு வந்திருக்கும். தங்கைக்கு வந்திருக்கும். அவர்கள் பிள்ளைகள் வழியாக மறுபடி கைகோத்துக்கொண்டது. எனக்கும் வந்திருக்கலாம், நான் யாருக்கும் கொடுக்கவில்லை. பூபதியின் நிச்சயதார்த்தத்தில் சொந்தத்துக்குள் வேண்டாம் என்று நான் பொதுவாகத்தான் சொன்னேன், இரண்டு தலைமுறை ஆயிற்று, போதும் என்று. மயிலாத்தாள் பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டே, "எங்க அண்ணி செத்தவீங்களுக்கு டாக்டரு; உசுரோட இருக்கறவீங்க கல்யாணத்துல அவிய சொல்லு எடுபடாது" என்றாள். பந்தி முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன், நல்ல வேடிக்கைதான், உண்மையும் கூட, என் மேசைக்கு வந்தவர்கள் எவரும் எழுந்து போனதில்லை. அன்று சரியாகச் சொன்னேன் என்பதில் இன்று எள்ளளவும் இனிப்பு இல்லை. சோதனைக்கூடத்தில் ஒரு பெண் இரத்தக் குப்பியை மாற்றி வைத்து என் கணக்கு முழுவதும் பொய்த்துப்போகட்டும், நான் தலைநரைத்த மூடக்கிழவி ஆகட்டும், வருகிற தீபாவளிக்கு மயிலாத்தாள் என்னை வைத்துப் புதிய கதை சொல்லட்டும்.

ஒருவேளை வேறெதாகவும் இருக்கலாம். இரத்தப் புற்று என்றுதான் முதலில் பார்த்த மருத்துவர் நினைத்தார், அந்த எண்ணிக்கையைப் பார்த்து. அது இல்லை என்று ஆயிற்று. இல்லை என்று ஆனதும் மயிலாத்தாள் மருதமலைக்கு வேண்டிக்கொண்டாள். வேண்டுதலைக் கூட என்னால் தடுக்க முடியவில்லை. மணி பன்னிரண்டு இருக்கும். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று வைத்திருந்தேன், ஆனால் தாழ்வாரத்தின் கோடியில் அது என் உயரத்துக்கே மாட்டப்பட்டிருக்கிறது. துடைப்பவர் வந்தார், ஈரத் துடைப்பத்தை எட்டு எட்டாக இழுத்துக்கொண்டு. நான் கால்களைத் தூக்கிக்கொண்டேன். சுத்தம். சுத்தமான தரை, சுத்தமான புண். அந்தச் சொல்லை இனி எங்கே கேட்டாலும் எனக்கு உடம்பு கூசும். பூபதி கீழே மருந்தகத்தில் நிற்கிறான், நிற்க ஓர் இடம் கிடைத்தது அவனுக்கு. உன் மகனுக்கு, ரஞ்சனி. உன் மகனுடைய. "உன் மகன்" என்று தொடங்கும் எந்த வாக்கியமும் இரண்டாம் சொல்லைத் தாண்டி நகரவில்லை. நல்ல தமிழில் சொல்லலாம் என்றால் நல்ல தமிழ் விறைத்துக்கொண்டு நிற்கிறது, இரங்கல் உரைபோல. கண்ணாடிக் கதவு திறந்தது, ரஞ்சனிதான். முந்தானையில் பால் நனைந்திருந்தது. "வந்துருச்சுங்களா?" இல்லை என்றேன். "பெரீம்மா, என்னைப் பாத்துச் சொல்லுங்க." பார்த்துச் சொன்னேன், இன்னும் இல்லை. அவள் என் முகத்தில் எதையோ தேடினாள், என் முகமோ தேர்வு மேற்பார்வைக்கென்றே வார்த்த முகம், அதில் எதுவும் கிடைக்காது. "அத்தை, நீங்க போயி ஒரு வாய் காப்பி குடிச்சுட்டு வாங்க" என்று மயிலாத்தாளிடம் சொன்னாள். "கொடி வுழுகட்டும், அப்பறங் குடிக்கறேன்" என்றாள் மயிலாத்தாள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது: அவள் நேற்றிலிருந்து தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. சிங்கக்குட்டி என்று ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள். ரஞ்சனியும் நானும் ஒரே நேரத்தில் அவளைப் பார்த்தோம். அவள் பையைத் திறந்து, உள்ளே பார்த்து, மூடினாள்.

"வேலாத்தாள் மேடம், உள்ள வரீங்களா?" என் பெயரை முழுமையாகச் சொல்லி அழைக்கும் இளைய மருத்துவர்கள் இப்போது அரிது. டாக்டர் ஷாஹிதாவின் அறை தாழ்வாரத்தின் மறுகோடியில். கதவைச் சாத்தினார். திரையில் இரண்டு படங்கள். ஒன்று, நோயற்ற ஒருவருடைய இரத்தம். சுவரைப் பற்றிக்கொள்ளும் புரதத்தில் சாயம் ஏறி, அணுக்களெல்லாம் வலப்பக்கம் ஒரு குன்றாகக் குவிந்து நிற்கின்றன. இன்னொன்று குழந்தையுடையது, அதே குன்று, அதே வடிவம், ஆனால் இடப்பக்கத்துக் கடைசியில், ஒன்றுமே இல்லாதவற்றை வைக்கும் இடத்தில். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தேன். குன்று நகரவில்லை. "நீங்க சந்தேகப்பட்டதுதான் மேடம். தப்பா இருக்கணும்னு நானும் வேண்டிக்கிட்டேன்." நான் தலையசைத்தேன். குப்பி மாறியிருக்கலாமா என்று கேட்க வாய் எடுத்தேன், கேட்கவில்லை. அவரே, "ரெண்டு தடவை டெஸ்ட் ஓட்டிட்டேன்" என்றார். பிறகு, "அக்கா ஒருத்தி இருக்கா, இல்லையா? நாலு வயசு?" தாரகை, என்றேன். "அவ எலும்பு மஜ்ஜை இவனுக்குப் பொருந்துதான்னு நாளைக்கே பாத்துடலாம். நாலுல ஒரு பங்குதான் வாய்ப்பு. ஆனா அது சின்ன வாய்ப்பு இல்ல." திரையை அணைத்துவிட்டு, "குழந்தையோட அம்மாகிட்ட நான் சொல்லட்டுமா?" என்றார். அந்தக் கேள்வி எவ்வளவு மென்மையாக வந்தது. ஆம் என்றிருக்கலாம். அது அவருடைய பணி, அவருக்குப் பயிற்சி உண்டு, நான் செத்தவர்களின் மருத்துவர். "இல்லை, என்னைத்தான் கேட்டிருக்கிறாள்" என்றேன்.

தாழ்வாரம் நீளமாக இருந்தது. இத்தனை நேரம் இதில்தான் மேலும் கீழுமாக நடந்தேன், இவ்வளவு நீளம் என்று தோன்றவில்லை. எதிரே பகல் நேரத்துப் பார்வையாளர் கூட்டம் அலையாக வந்தது, சாப்பாட்டுக் கூடைகள், பிளாஸ்க்குகள், ஒரு தள்ளுவண்டி. நான் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒதுங்கினேன். சுவரோடு ஓடிய மரக் கைப்பிடி உள்ளங்கையில் பட்டது. பட்டதும் விட்டேன், மறுபடி பட்டது. இரண்டடி, ஒரு தொடல். இரண்டடி, ஒரு தொடல். யாரோ தோளில் இடித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார்கள். குன்று, இடப்பக்கம், கடைசியில். அம்மா, அது பாசம் இல்லை அம்மா. எதையுமே பற்றத் தெரியாதவனைப் பார்த்து ஒட்டிக்கொண்டிருந்தான் என்று வாழ்நாள் முழுவதும் சொன்னாயே. பற்றிக்கொண்டவை வந்து அறுத்துவிட்டால்தானே கொடி விழும். விழவைக்க ஒருவரும் வரவில்லை, அதனால் இருந்தது. உன்னிடம் நான் இதைச் சொல்ல நேராமல் போயிற்று, அந்த மட்டில் நல்லது, நீ பாசம் என்றே வைத்துக்கொண்டு போ. இரண்டடி. ரஞ்சனி கண்ணாடிக் கதவுக்கு வெளியே குழந்தையோடு நிற்கிறாள். பக்கத்தில் மயிலாத்தாள். கைப்பிடி முடியும் இடத்துக்கு வந்துவிட்டேன். அவர்கள் முன்னே நின்றேன். இரவெல்லாம் கட்டிய வாக்கியங்களில் ஒன்றுகூட உடன் வரவில்லை. வந்தது நான் கல்லூரிக்குப் போன அன்றே கழற்றி வைத்த பேச்சு. "கண்ணு, இவன் ஒடம்புல காவலுக்கு ஆளு நெறைய இருக்கறாங்க. அவீங்களுக்குச் செவுத்தப் புடிச்சு நிக்கத் தெரியல. நிக்காததால புண்ணுக்கு எறங்கி வர முடியல. அதனாலதான் சீழ் இல்ல. அதனாலதான் கொடி வுழுகல." ரஞ்சனி கேட்டாள்: "எறங்க வெக்க முடியுங்களா?" இவனுடைய ஆட்களை முடியாது என்றேன். "அப்ப?" "வேற ஆளுங்கள உள்ள வுடோணும். தாரகையோட எலும்புக்குள்ள இருந்து எடுத்து. பொருந்துனா." "பொருந்தலைன்னா?" சுற்றி வளைக்கக் கூடாது. "பொருந்தற இன்னொருத்தரத் தேடோணும். கெடைக்கலைன்னா இவன் நமக்கு இல்ல." சொல்லிவிட்டேன். அவள் குழந்தையின் தலைமேல் உதட்டை வைத்துக்கொண்டாள், எடுக்கவே இல்லை. மயிலாத்தாள்தான் முதலில் பேசினாள், என்னிடம் அல்ல, கைப்பையிடம்: "சீழ் வல்லைன்னு சக்கரைப் பொங்கல் வெச்சனே." பிறகு ரவிக்கையின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு, "எம்படத எடுக்கச் சொல்லுங்க அண்ணி. மொதல்ல எம்படதப் பாக்கச் சொல்லுங்க. வயசாயிருச்சுன்னு சொல்லப் போறாங்க, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. உங்க சொல்லு எடுபடும்" என்றாள்.

தாரகையுடையது பொருந்தியது. மருத்துவமனைக்கான பெருந்தொகையை என் தம்பி அன்னூர்ச் சாலையோரத்து இரண்டு ஏக்கரை விற்று, மார்கழியில் கட்டினான். குறைந்ததை என் சேமிப்பிலிருந்து தை மாதம், சிகிச்சைக்கு முதல்நாள், நான் கட்டினேன். கொடியைக் கார்த்திகையிலேயே அறுவை செய்து எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டார்கள். மயிலாத்தாள் எவ்வளவோ கேட்டும் திருப்பித் தரவில்லை, தரவும் கூடாது. வைகாசியில் ஒரு பிற்பகல் ரஞ்சனி தொலைபேசியில் கத்தினாள்: "பெரீம்மா, சீழ்! கால்ல, ஊசி குத்துன எடத்துல! அரிசித் தண்டிக்கு! வெள்ளையா!" நான் அவளை மூன்று முறை சொல்ல வைத்தேன். டாக்டர் ஷாஹிதா மருந்து எழுதிக் கொடுத்துவிட்டுச் சிரித்தாராம். அது உடைந்து, காய்ந்து, பொருக்குத் தட்டி, தானாகவே உதிர்ந்தது. உதிர்ந்ததை மயிலாத்தாள் பஞ்சில் எடுத்து வைத்திருந்தாள். ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை அவளோடு நானும் அன்னூருக்குப் போனேன். சுப்பண்ண ஆசாரி வெள்ளிக் குழலைத் திறந்து, இது கொடி இல்லையே என்றார். "இதுதானுங்க வுழுந்துச்சு" என்றாள் மயிலாத்தாள். அவர் என்னைப் பார்த்தார். வையுங்கள் என்றேன். பொருக்கை உள்ளே இட்டு, மூடியைப் பொருத்தி, ஊதுகுழலால் பற்றவைத்து, ஆறியதும் கட்டைவிரலால் தடவிப் பார்த்து என் கையில் வைத்தார். வெள்ளியும் கூலியும் சேர்த்து ஆயிரத்து அறுநூறு ரூபாய். மயிலாத்தாள் பையைத் திறப்பதற்குள் நான் கொடுத்துவிட்டேன். இம்முறை அவர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.